எட்டாத இடத்தில் வைத்த பாட்டில்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

நீங்கள் எழுதிய நோட்டீசை அமலா எனக்கு போனில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு சேதி. "அண்ணே, புதுப் பசங்க எழுதினது. நான் வாயத் தொறக்கல. நீங்களே பார்த்துட்டு அவங்களுக்குச் சொல்லுங்க." அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது நோட்டீசின் நடுவில் வந்ததும் புரிந்துவிட்டது. 'ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.'

நல்ல வரிதான். எல்லா டப்பாவிலும் இருக்கிற வரி. ஆனால் அதைப் படித்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு ஒரு நோட்டீசைப் பார்த்து என்ன வேர்வை என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. நம்ம ஆபீஸ் கடலூரில் ஒரே ரூமாக இருந்த காலத்தில், மைக் கட்டின வேனை ஓட்டத்தான் என்னைச் சேர்த்தார்கள். ஓட்டிக்கொண்டே பேசக் கற்றுக்கொண்டேன். அப்புறம் பேசுவதே வேலையாகிவிட்டது. வீட்டில் கிடக்கிற விஷத்தைச் சின்னப் பிள்ளைகள் தெரியாமல் குடித்துவிடாமல் பார்க்கணும். அதுக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகணும், அதிகாரிகளுக்கு மனு கொடுக்கணும், கடைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளணும். நீங்களும் இதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

நம்ம பக்கத்தில் இந்தச் சாமான்கள் வீட்டுக்கு எப்படி வருகிறது என்று பார்த்திருப்பீர்கள். டி.வி.எஸ். வண்டியில் ரெண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு, ஸ்பீக்கரில் கூவிக்கொண்டு ஒருத்தர் தெருவுக்குள் வருவார். வீட்டுக்காரம்மா குடித்துப் போட்ட கூல்டிரிங்ஸ் பாட்டிலை நீட்டுவார்கள். அதிலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். வெள்ளைப் பினாயில் பாட்டிலுக்குள் மோர் மாதிரி இருக்கும். மஞ்சள் ஆசிட் ஜூஸ் மாதிரி இருக்கும். மேலே ஒட்டியிருப்பது பழைய கூல்டிரிங்ஸ் பேப்பரேதான். ஒரு மூன்று வயசுப் பிள்ளை அதைப் பார்த்து வேறு என்னவென்று நினைக்கும்?

பள்ளிக்கூடத்துக் கதைக்கு முன்னால் ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லியாகணும். அவங்க இல்லையென்றால் அன்றைக்கு எனக்குப் புத்தி வேலை செய்திருக்காது. என் மகள் வயசுதான் இருக்கும். ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ மனுவில் கையெழுத்து வாங்கப் போய் ஓரமாக நின்றிருந்தேன்.

ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அம்மா, அப்பா, மாமியார். பையனுக்கு உதடெல்லாம் வெந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. கேட்டால், "தண்ணி குடிச்சான், பொரை ஏறிடுச்சு" என்கிறார்கள். அங்கே இருந்த நர்ஸம்மா ஒருத்தர் கோபத்தில் கத்திவிட்டார்கள். "புள்ளைய பார்க்காம எல்லாரும் என்னா பண்ணிகிட்டு இருந்தீங்க? யாரு பாட்டிலை கீழ வச்சது?"

அவ்வளவுதான். மாமியார் மருமகளைக் காட்டினாள். மருமகள் அழ ஆரம்பித்தாள். அப்பன் சுவரைப் பார்த்து நின்றுவிட்டான். குழந்தை குடித்தது என்னவென்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அது தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

டாக்டரம்மா அந்த அப்பன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்கள். "அண்ணா, அந்த பாட்டில் இப்ப எங்க இருக்கு?"

அவன் கக்கத்தில் வைத்திருந்த துணிப்பையைப் பிரித்து பாட்டிலை எடுத்து நீட்டினான். வீட்டிலிருந்து கொண்டுவந்ததே அவன்தான். கொடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறான். யாரு, யாரு என்று கேட்டதும் பையை இறுக்கிக்கொண்டான்.

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஒரு வாய்ச் சோறு முழுங்க அவன் பட்ட பாட்டை நான் ரொம்ப நாள் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறேன். அது இங்கே வேண்டாம். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னதை மட்டும் சொல்கிறேன். "யாருன்னு கேட்டா எல்லாரும் தப்பிக்கத்தான் பார்ப்பாங்கண்ணா. எனக்கு யாரும் வேணாம். பாட்டில் வேணும்."

இனி பள்ளிக்கூடம். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற டவுன் பஸ்ஸில் போய், பாதியில் இறங்கி வாய்க்கால் ஓரமாக நடக்கணும். ஊர் பேர் வேண்டாம். சின்ன ஆரம்பப் பள்ளிக்கூடம். வேப்பமரத்தடியில் மேசை போட்டு எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அமலா அப்போதுதான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தாள், உங்களை மாதிரி.

அதுக்கு முந்தின கூட்டத்தில், வேறொரு ஊரில், ஒன்று நடந்திருந்தது. பாட்டில்களில் சாயத் தண்ணீரை ஊற்றி வைத்து, "இதுல எது ஜூஸ், எது ஆசிட், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்போம். அந்த ஊரில் ஒருத்தர் எழுந்து வந்தார். "சாயத் தண்ணிய காட்டி எங்களுக்கே பூச்சாண்டி காட்டுறியா?" என்று ஒரு பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அமலாவுக்கு முகம் செத்துப்போச்சு. பஸ்ஸில் திரும்பும்போது, "அண்ணே, நெஜத்தைக் காட்டணும். இல்லன்னா நம்மள கோமாளியா தான் பார்ப்பாங்க" என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அதனால் அன்றைக்கு மேசையில் இருந்த பாட்டில்களில் ஒன்று மட்டும் நிஜ ஆசிட். மேல்பட்டாம்பாக்கத்தில் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, இதே வியாபாரம்தான் பண்ணுகிறான். அவனிடமே வாங்கினோம். அமலா சிமெண்ட் தரையில் ரெண்டு சொட்டு விட்டாள். புஸ்ஸென்று நுரை பொங்கியது. பிள்ளைகள் எல்லாம் "அய்யோ" என்று பின்னால் போனார்கள். அப்புறம் நான் மைக்கைப் பிடித்தேன். "இது தொண்டைக்குள்ள போனா என்னா ஆவும்? அதனால இந்த மாதிரி பாட்டிலை எங்க பார்த்தாலும் சின்னப் பசங்களுக்கு எட்டாத இடத்துல வைக்கணும். எங்க வைக்கணும்?"

"எட்டாத இடத்துல!" என்று பள்ளிக்கூடமே கத்தியது. எனக்குச் சந்தோசம். இன்றைக்கு நல்லாப் போச்சு என்று நினைத்தேன்.

இன்டர்வல் பெல் அடித்தது. அமலா ஆசிட் பாட்டிலை இறுக்கி மூடி, மூடிக்கு மேல் கறுப்பு இன்சுலேசன் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினாள். அதைப் பைக்குள் வைப்பதற்குள் பிள்ளைகள் ஸ்டிக்கர் கேட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கர் கொடுத்து முடித்து அவள் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே."

அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. சத்தமே இல்லை.

சாயத் தண்ணி பாட்டில்கள் எல்லாம் இருந்தன. ஆசிட் பாட்டில் இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தோம். பையைக் கொட்டிப் பார்த்தோம். வேப்பமரத்துக்குப் பின்னால் பார்த்தோம்.  இத்தனை பிள்ளைகள். அதில் ஒன்றின் கையில் ஆசிட் இருக்கிறது. அது கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருக்கிறது. டேப் ஒட்டியிருக்கிறதே என்று ஒரு தைரியம். டேப்பைப் பிரிக்க எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அடுத்த பயம்.

ஹெச்.எம். டீச்சரிடம் ஓடினோம். நல்ல மனுசி. ஆனால் விசயத்தைக் கேட்டதும் அவங்களும் பதறிவிட்டார்கள். கை பழக்கத்தில் பிரம்பை எடுத்துவிட்டது. பெல் அடித்து எல்லாப் பிள்ளைகளையும் வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"யாருடா அந்த பாட்டிலைத் திருடுனது? இப்பவே சொல்லிடுங்க. சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டேன்." பிரம்பு காற்றில் ஆடுகிறது.

 அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது.

"டீச்சர், இவன் தான் மேசைகிட்டயே நின்னான்!"

"பொய் சொல்றான் டீச்சர்! எங்கப்பா மேல சத்தியமா நான் தொடல!"

ஒரு பொடியன் ஓவென்று அழுதுகொண்டே முன்னால் வந்தான். எனக்கு உயிர் வந்தது. "டீச்சர், நான் ஸ்டிக்கர் ரெண்டு எடுத்துட்டேன் டீச்சர்" என்றான்.

பைகளைச் சோதிக்கலாம் என்றார்கள். எல்லாப் பையையும் வராந்தாவில் கொட்டினோம். அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதே கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான். ஒரே அளவு, ஒரே மூடி, பாதிக்குப் பாதி அதே பேப்பர். வராந்தா முழுக்க பாட்டில் உருண்டது. ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர். ஒன்றில் கஞ்சித் தண்ணி. ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்து மஞ்சளாக ஏதோ. அமலா மண்டிபோட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி மூடியைப் பார்க்கிறாள், திறந்து முகர்ந்து பார்க்கிறாள்.

"யாரும் தண்ணி குடிக்கக் கூடாது!" என்று டீச்சர் கத்தினார்கள். குடிக்கக் கூடாது என்று சொன்னதும் எல்லாப் பிள்ளைக்கும் தாகம் எடுத்துவிட்டது. ஒன்றாங்கிளாஸ் குட்டி ஒன்று தன் பாட்டிலை அடையாளம் கண்டுபிடித்து எடுத்து வாயில் வைத்தது. நான் பிடுங்கிய வேகத்தில் அது அழுதது. முகர்ந்து பார்த்தேன். வெறும் தண்ணீர். 

பைகளில் பாட்டில் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. இன்டர்வலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிட்டு வருவார்கள். யாராவது வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால்? அங்கே தொட்டிலில் ஒன்று, தவழ்கிறது ஒன்று இருக்குமே?

"சார், நீங்க ஊருக்குள்ள மைக்ல சொல்லிடுங்க" என்றார் டீச்சர். அது சரியான யோசனைதான். ஆனால் மைக்கைக் கையில் எடுத்ததும், வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. அந்த அப்பன் சுவரைப் பார்த்து நின்றானே, அந்த முகம். இங்கே எவளோ எவனோ ஒருத்தர் பையை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நாம் யாரு, யாரு என்று கேட்கக் கேட்க இன்னும் இறுக்குகிறார்கள்.

டீச்சரிடம், "அந்தப் பிரம்பை உள்ள வச்சிட்டு வாங்கம்மா" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆனால் வைத்துவிட்டு வந்தார்கள்.

பிள்ளைகளை நிழலுக்குக் கூப்பிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். குரல் நடுங்காமல் பேசணுமே என்பதுதான் அப்போது பெரிய வேலை. "கண்ணுங்களா, நான் ஒருத்தரையும் திட்டப் போறதில்ல. யாரு எடுத்தான்னு கேக்கவும் மாட்டேன். அந்த பாட்டில் இப்ப எங்க இருக்கு? பத்திரமா இருக்கா? அது மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்."

அஞ்சாங்கிளாஸ் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ரெட்டை ஜடை போட்ட பெண். கயல்விழி என்று பேர்.

"பத்திரமா இருக்கு சார்" என்றாள். முகத்தில் பயமே இல்லை. பெருமைதான் இருந்தது.

"எங்கேம்மா?"

"சத்துணவு கொட்டாயில, மேல் பலகையில வச்சிருக்கேன் சார். எங்க தம்பி ஒண்ணாங்கிளாஸு. எதப் பார்த்தாலும் வாயில வச்சிடுவான். மேசைகிட்ட போயிகிட்டே இருந்தான். அதான் எட்டாத இடத்துல வச்சிட்டேன். அடுப்பாண்ட சின்னப் பசங்க வரக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்கு."

அவள் அம்மா தனம் அங்கே சமையல் உதவிக்கு இருக்கிறாள். அதனால்தான் கயலால் உள்ளே போக முடிந்தது. திருடியது யார் என்று டீச்சர் கேட்டபோது அவள் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அவள் திருடவில்லையே. அவளைப் பொறுத்தவரைக்கும் கேள்வியே அவளுக்கு இல்லை.

நிம்மதி ஒரு நொடிதான் இருந்தது. சமையல் கொட்டாய் மேல் பலகையில் என்ன இருக்கும் என்று டீச்சருக்குத்தான் முதலில் உறைத்தது. "அய்யய்யோ, அங்க தான எண்ணெய் பாட்டில் இருக்கு!" பாமாயில் பாக்கெட்டைப் பிரித்து, பழைய பாட்டில்களில் ஊற்றி அந்தப் பலகையில்தான் வைப்பார்கள். அதுவும் மஞ்சள்.

ஓடினேன். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு அப்படி நான் அதுக்கு முன்னால் ஓடியதில்லை. பின்னால் அமலா, அவள் பின்னால் கயல்.

வாசல்படியில் நின்றுவிட்டேன். உள்ளே சாம்பார் கொதிக்கிறது. பக்கத்து அடுப்பில் தாளிக்க வாணலி காய்கிறது. தனம் எங்கள் பாட்டிலை ரெண்டு கையாலும் பிடித்து, மூடியில் சுற்றிய டேப்பைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

கத்தியிருப்பேன். வாய் திறந்துவிட்டேன். ஆனால் கத்தினால் அவள் திடுக்கிடுவாள். கை இறுகும். பிளாஸ்டிக் பாட்டில் அது, அமுங்கும். டேப் பாதி வந்துவிட்டது. மூடி அவள் வாயில் இருக்கிறது. கயல் "அம்மா" என்று ஆரம்பிப்பதற்குள் அமலா அவள் வாயைப் பொத்திவிட்டாள்.

"என்னம்மா, தொறக்க வரலையா?" என்றேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி. "இப்படிக் குடு, நான் தொறந்து தர்றேன்."

அவள் பல்லை எடுக்காமலே கண்ணைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் எடுத்துவிட்டு, "அட நீங்க வேற சார், மைக்கு புடிக்கிற கைக்கு இது வருமா? எந்தப் புண்ணியவதியோ எண்ணெய் ஒழுவாம இருக்க டேப்பு சுத்தி வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாயில் வைக்கப் போனாள்.

"பல்லு போயிடுச்சின்னா உன் வூட்டுக்காரரு என்னத்தான் கேப்பாரு. குடும்மா."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே நீட்டினாள். நான் வாங்கினேன். பாட்டிலை அமலாவிடம் கொடுத்துவிட்டு அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டேன். அமலா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அப்புறம்தான் தனத்திடம் அது என்னவென்று சொன்னேன். வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன். உதட்டையும் கையையும் பார்த்தேன். அடுப்பை அணைக்கச் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "மூடி தொறந்துச்சா?" தொறக்கலை என்றதும் அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

விசயம் மண்டையில் ஏறியதும் தனத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நிமிசம் கயலின் ஜடையைப் பிடித்துவிட்டாள். "சனியனே! ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் உல வைக்க பார்த்தியேடி! எங்கடி போச்சு ஒனக்கு அறிவு?"

நான் நடுவில் புகுந்தேன். அடி என் தோளில் விழுந்தது. நல்ல பலமான அடி.

கயல் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நீங்கதான சார் எட்டாத இடத்துல வைக்கச் சொன்னீங்க. கொட்டாயில தான் யாருக்கும் எட்டாது. அப்ப எங்க சார் வைக்கிறது?"

பிள்ளைகளே, நான் மைக் பிடித்து எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பெரிய அதிகாரிகள் கேட்டதுக்கும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கொட்டாய் வாசலில் "உங்க வூட்ல போய்ப் பார்க்கலாம் வா" என்று சமாளித்தேன்.

சமாளிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வாசலில் வந்து நின்றாள். "வாங்க சார், பார்க்கலாம்." போனோம். ஒரே ரூம் வீடு. கயல் வீட்டைச் சுற்றிக் காட்டினாள், ரொம்பப் பொறுப்பாக.

"இந்த அலமாரி மேல?" என்றாள் அமலா.

"தம்பி பெட்டி மேல ஏறிடுவான்க்கா."

"சாமி படத்து பலகை?"

"அங்க தான் அவன் தண்ணி சொம்பு இருக்கும்."

"பரண்?"

"அதுல அரிசி டின்னு. எங்கம்மா இருட்டுல கையை வுட்டு துழாவும்."

"கக்கூஸ்ல?"

"அது வெளிய இருக்கு. பக்கத்து வூட்டுக்கும் சேத்து. கதவு கெடையாது."

கயலின் தம்பி நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று பார்த்துக்கொண்டே எங்கள் பின்னால் வந்தான். நாங்கள் காட்டிய ஒவ்வொரு இடத்தையும் அவனும் அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

அந்த வீட்டில் எட்டாத இடம் என்று ஒன்று இல்லை. நான் எத்தனை வருசம் அதை மைக்கில் சொல்லியிருக்கிறேன், எத்தனை வீட்டில் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு போய் எங்கே கொண்டுபோய் வைத்தார்களோ என்று நினைத்தபோது, பஸ்ஸில் எனக்கு உட்கார முடியவில்லை. சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் நின்றே வந்தேன். அமலா ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். இறங்கும்போது ஒன்றுதான் சொன்னாள். "அண்ணே, பெரியவங்க செய்ய வேண்டிய வேலைய நாம அஞ்சாங்கிளாஸ் புள்ளகிட்ட குடுத்துட்டோம்."

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்கு, என் மச்சான் வீட்டுக்குப் போனேன். இனிமேல் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதே, கைப்பிடி வைத்த கேனில் ஊற்றிக் கொடு, கேன் மேல் மண்டையோட்டுப் படம் ஒட்டு என்றேன்.

"நல்லா இருக்கே மாமா! நீங்க மைக்ல பேசிட்டுப் போயிடுவீங்க. நான் வண்டிய தள்ளிகிட்டு தெருத்தெருவா போறேன். பாட்டிலை நீட்டுற பொம்பளகிட்ட ஊத்த மாட்டேன்னா, அடுத்த வண்டிக்காரன் ஊத்திட்டுப் போயிடுவான். என் யாவாரம் படுத்துக்கும்."

"நேத்து உன் ஆசிட்டை ஒரு பொம்பள பல்லால தொறந்துகிட்டு இருந்தா மச்சான்."

 முழுக் கதையையும் சொன்னேன். அவன் பொண்டாட்டி கையில் பால் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் சின்னப் பையன் அங்கேதான், காலி பாட்டில் மூட்டை மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தான்.

உடனே மாறிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். மாறவில்லை. ரெண்டு மூணு தடவை சண்டை போட்டோம். ஒரு கல்யாணத்தில் பந்தியில் வைத்தே, "எங்க மாமா விருந்துக்கு வந்தா சோத்தப் பார்க்க மாட்டாரு, பாத்ரூமைத்தான் மொதல்ல பார்ப்பாரு" என்று எல்லாருக்கும் முன்னால் கிண்டல் பண்ணினான். பண்ணட்டும். அப்புறம் ஒருநாள் அவனே கூப்பிட்டான். "மாமா, கேன் வாங்கிட்டேன். ஆனா நீங்க கூட வரணும். ஏன் பாட்டில்ல ஊத்த மாட்டேன்னு ஜனங்க கேப்பாங்க, எனக்கு உங்க மாதிரி பேச வராது." அவன் வண்டிக்குப் பின்னால் நான் தெருத்தெருவாக நடந்தேன். சில வீட்டில் கேனை வாங்கிக்கொண்டார்கள். சில வீட்டில், "ஓ, இப்ப பினாயிலுக்கும் ரூல்ஸா?" என்று கதவைச் சாத்தினார்கள். அவனுக்கு வியாபாரம் குறையத்தான் செய்தது. அப்புறம் கொஞ்சம் ஏறியது. அவனைப் பார்த்து இன்னொரு வண்டிக்காரர் மாறினார். மாறாதவர்கள்தான் இன்னும் ஜாஸ்தி. அந்த மிச்சத்தைத்தான் உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த வரியை நோட்டீசிலிருந்து எடுத்துவிடுங்கள். மேலே இருக்கிறவர்கள் வைத்தே ஆகணும் என்று சொன்னால், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறி ஏதாவது ஒரு ஒரே ரூம் வீட்டுக்குப் போங்கள். அந்த இடம் எங்கே என்று அந்த வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளை காட்டினால் போடுங்கள். நோட்டீசைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிட, பாட்டிலை நிரப்புகிறவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் திட்டுவார்கள். நாம் திட்டு வாங்கினால் ஒன்றும் வெந்துவிடாது.

இன்னொன்று. ஏதாவது நடந்துவிட்டது என்று உங்களுக்கு போன் வரும். கட்டாயம் வரும். அப்போது எவ்வளவு கோபம் வந்தாலும், யாரு என்று கேட்காதீர்கள். எங்கே என்று கேளுங்கள்.

பயம் போகுமா என்று கேட்டால், எனக்குப் போகவில்லை. போன வாரம்கூட சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு அம்மா மூட்டையிலிருந்து கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்துத் தன் குழந்தையிடம் கொடுத்தாள். உள்ளே ஏதோ மஞ்சளாக இருந்தது. குழந்தை ரெண்டு கையாலும் தூக்கி ஒரு வாய் குடித்தது. அது முழுங்கி, வாயைத் துடைத்து, மறுபடியும் குடிக்க பாட்டிலைத் தூக்குகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.